பாட்டியின் பெட்டியில் கிடைத்த 300 படங்கள்: ஸ்க்ராப்புக் பக்கங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. பாட்டி காலமான பிறகு அவருடைய அலமாரியிலிருந்து 300க்கும் மேற்பட்ட பழைய போட்டோக்கள் கிடைத்திருக்கின்றன. பாதி தகரப் பெட்டியில் உதிரியாகக் கிடக்கின்றன, மீதி பிசுபிசுப்பான பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. இவற்றை வைத்துக் குடும்ப வரலாறு சொல்லும் ஸ்க்ராப்புக் (படங்களையும் குறிப்புகளையும் ஒட்டிச் செய்யும் நினைவுப் புத்தகம்) பக்கங்கள் செய்ய ஆசை. எந்தப் பசை நல்லது, படங்களை வெட்டலாமா, எப்படி வரிசைப்படுத்துவது, எங்கே தொடங்குவது?

பசையிலிருந்து தொடங்காதீர்கள். பெரியம்மாவிடமிருந்து தொடங்குங்கள். பாதி முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர் 84 வயதுப் பெரியம்மா ஒருவர்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். காகிதமும் பசையும் அடுத்த வருடமும் கிடைக்கும். நிறம் மங்கிய படத்தைக்கூட ஓரளவு மீட்கலாம். ஆனால் அந்த முகம் யாருடையது என்ற தகவல் பெரியம்மாவின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஒரு தடவைக்கு 15, 20 படங்களுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். வயதானவர்களுக்கு ஒரு மணி நேரத்திலேயே அலுப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு சொல்லும் பெயர்களில் தடுமாற்றமும் வரும். கைபேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு கேட்கும்போது எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தெரியாது. "இது யார்?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "இந்தப் படத்தை யார் எடுத்தது? அன்றைக்கு இங்கே இல்லாதவர் யார்? இந்த நாற்காலி யாருடையது? இதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு நாற்காலியிலிருந்து முழுக் கதையும் வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குறிப்பெடுக்கும்போது நம் மொழியின் உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். "இடது ஓரம் சித்தப்பா" என்று எழுதினால், யாருக்குச் சித்தப்பா? உங்கள் சித்தப்பா வேறொருவருக்கு அப்பா, இன்னொருவருக்கு மாமா, மற்றொருவருக்குத் தாத்தா. 40 வருடம் கழித்து அந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளை யார் கண் வழியாக அந்த உறவைக் கணக்குப் போடும்? அதனால் எல்லோரையும் ஒரே ஆளை வைத்து அடையாளம் சொல்லுங்கள். பாட்டியை நடுவில் வைத்தால் பாட்டியின் தம்பி, பாட்டியின் மூத்த மகள், பாட்டியின் நாத்தனார் என்று போகலாம். அதோடு முழுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர் இரண்டையும் எழுதுங்கள். இனிஷியல் இருந்தால் விரித்து எழுதுங்கள்.

பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் பால்பாயிண்ட் பேனாவால் கூடாது. அதன் முனை அழுத்தி முன்பக்கம் வரை தழும்பு விழும், மையும் ஊறும். 2பி அல்லது 4பி போன்ற மென்மையான பென்சிலால், படத்தைத் தட்டையான இடத்தில் கவிழ்த்து வைத்து, ஓரமாக மெல்ல எழுதுங்கள். 1960களின் இறுதியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் சரியாகப் பிடிக்காது. அந்தப் படங்களுக்கு உறையின் மேல் எழுதி, உறைக்குள் படத்தை வைத்துவிடுங்கள். உறையில் முதலில் எழுதி, பிறகுதான் படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

சரி, இப்போது அந்தப் பிசுபிசுப்பான ஆல்பம். 1970களிலும் 80களிலும் வீட்டுக்கு வீடு இருந்த வகை அது: தடித்த அட்டை, அதன்மேல் வரிவரியாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். படத்தை அதில் நிரந்தரமாக வைத்திருப்பது நல்லதல்ல. பசை காலப்போக்கில் மஞ்சளாகி இறுகும். அட்டையில் உள்ள அமிலம் படத்தைத் தாக்கும். மேல் தாள் பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதிலிருந்து கசியும் பொருள்களும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் உடனே உரிக்கத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிற நிலையிலேயே முழுதாகப் போட்டோ எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் வைத்தார் என்பதும் பாட்டி சொன்ன ஒரு செய்திதான். ஒரே பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒரே சமயத்தில் எடுத்தவையாக இருக்கும், தேதி கண்டுபிடிக்க அது உதவும்.

பிறகு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நூலை நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து மறு ஓரம் வரை கொண்டுபோங்கள். படத்தை வளைக்கக் கூடாது, படம் அசையாமல் நூல்தான் நகர வேண்டும். முக்கியமில்லாத ஒரு படத்தில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சூடு காட்டுவது, தண்ணீர் தொடுவது, கரைப்பான் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அட்டையோடு சேர்த்துப் படத்தைச் சுற்றி வெட்டி எடுத்து, ஸ்கேன் செய்து, அப்படியே தனி உறையில் வைக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதுதான் வழி: பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு நகல் எடுங்கள்.

அடுத்தது கத்தரி. மூலப் படத்தை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். ஸ்க்ராப்புக்கில் போக வேண்டியது நகல். இதில் எனக்குச் சமரசம் கிடையாது, காரணத்தையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த முதல் பக்கத்தில் தாத்தாவின் படம் ஒன்றை முட்டை வடிவில் அழகாக வெட்டி ஒட்டினேன். பின்னணி வெறும் சுவர், ஒரு கதவு, பாதி தெரிந்த ஒரு பலகை என்று எனக்குத் தோன்றியது. சில வருடங்கள் கழித்து, தாத்தா முதலில் வேலை பார்த்த இடம் எது என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்தப் பலகையில் இருந்த எழுத்துகள் அதைச் சொல்லியிருக்கும். வெட்டிய துண்டுகளை நான் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். வேறு பிரதி இல்லை. அந்தப் பக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் மனது கனக்கிறது.

நகல் என்றால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். நல்ல ஸ்கேன் உங்களுக்கு மூலப்படம் தராத சுதந்திரத்தைத் தரும். சாதாரண அளவு போட்டோவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 4×6 அங்குலப் படம் அந்த அளவில் 2400×3600 புள்ளிகளாக வரும், விவரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்.பி. பிடிக்கும். நீளமும் அகலமும் அதில் பாதியே உள்ள 2×3 அங்குலப் படத்தை 1200 டிபிஐயில் எடுத்தால் அதே அளவு விவரம் கிடைக்கும். சின்னப் படங்களை அப்படி எடுப்பது நல்லது, ஏனென்றால் அவற்றைத்தான் பெரிதாக்கத் தோன்றும். மூலப் பிரதி டிஃப் கோப்பாக இருக்கட்டும், உறவினர்களுக்கு அனுப்ப சிறிய ஜேபெக் (JPEG) கோப்பு போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பு நிறமும் கறைகளும் உள்ளபடி பதிவாகும். பின்புறத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறொரு வீட்டில்.

ஸ்கேனர் இல்லையென்றால் கைபேசியே போதும். சன்னல் வெளிச்சம் நேராகப் படாத மேசையில் படத்தை வைத்து, ஃபிளாஷை அணைத்து, கைபேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள்.

தேதி தெரியாத படங்கள் நிறைய இருக்கும். தாளே கொஞ்சம் சொல்லும். தடித்த அட்டையில் ஒட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் 2½×4 அங்குலப் படங்கள் 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற போட்டோக்காரர் காப்புரிமை பெற்ற வகை, 1860களில் உலகமெங்கும் பரவியவை. அதைவிடப் பெரிய 4¼×6½ அங்குல அட்டைகள் அதற்குச் சற்றுப் பிந்தியவை. ஓரம் அலை அலையாக வெட்டிய சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் 1930களிலிருந்து 50கள் வரை தேடிப் பாருங்கள். சதுரமான வண்ணப் படங்கள் பல, 1963இல் வந்த எளிய கேட்ரிட்ஜ் கேமராக்களின் (ஃபிலிமைச் சிறு கூடாக அப்படியே உள்ளே பொருத்துபவை) கைவரிசை. வெள்ளை ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சாகியிருந்தால் அது கழுவி அச்சிட்ட தேதி, எடுத்த தேதி அல்ல. ஃபிலிம் கேமராவிலேயே மாதக்கணக்கில் கிடந்த வீடுகள் உண்டு. இன்னொன்று: தாள் சொல்வது அந்தப் பிரதியின் வயதை மட்டும்தான். 1930இல் எடுத்த படத்தை 1975இல் மறுபிரதி போட்டிருக்கலாம். ஆகவே தாளையும், உடையையும், மடியில் இருக்கும் குழந்தையின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தை யாரென்று தெரிந்து, அது பிறந்த வருடமும் தெரிந்துவிட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சில வண்ணப் படங்கள் சிவந்து போயிருக்கும். பழைய வண்ணத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல மங்கும், மிஞ்சும் சாயங்களால் எல்லாம் செக்கச்செவேலென்று ஆகும். இவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், ஏனென்றால் இழப்பு தொடர்ந்துகொண்டே இருக்கிறது. நிறத்தைக் கணினியில் ஓரளவு திருப்பிக் கொண்டுவரலாம். கறுப்பு வெள்ளைப் படங்களின் இருண்ட பகுதிகளில் வெள்ளிபோல ஒரு மினுக்கம் தெரிந்தால், அது படத்தில் உள்ள வெள்ளியே மேற்பரப்புக்கு வந்து படிந்தது. துடைக்காதீர்கள்.

இனி பொருட்கள். தாள் வாங்கும்போது அமிலமற்றது, லிக்னின் அற்றது என்ற இரண்டையும் பாருங்கள். லிக்னின் என்பது மரத்தில் இருக்கும் ஒரு பொருள், செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாவதற்குக் காரணம் அதுதான். "போட்டோவுக்குப் பாதுகாப்பானது" என்ற வாசகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 18916 என்ற சோதனையில் தேறியது என்று குறிப்பிட்டிருந்தால் நம்பலாம். தாளோ பசையோ படத்தின் மீது வேதிவினை புரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பிளாஸ்டிக் உறைகளில் பாலிப்ராப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் சரி. புது மழைக்கோட்டு போல வாடை அடித்தால் பி.வி.சி.யாக இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் முதலில் கேட்ட பசை. ஒட்டும் பக்கங்களின் ஆசை புதிதல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873லேயே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்க்ராப்புக்குக்குக் காப்புரிமை பெற்றார். பக்கத்தை நனைத்து ஒட்ட வேண்டியதுதான், வேலை மிச்சம். ஆனால் ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பதுதான் பாதுகாப்பவர்களின் முதல் விதி. நகல்களை ஒட்ட அமிலமற்ற இரட்டைப் பக்க டேப் போதும், அதுவும் நான்கு மூலைகளில் சின்னத் துண்டுகளாக. எப்போதாவது ஒரு மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால், மூலைகளை மட்டும் பிடித்துக்கொள்ளும் முக்கோணக் காகிதக் கார்னர்களைப் பயன்படுத்துங்கள். பசை கார்னரின் பின்னால் இருக்கும், படத்தைத் தொடாது. செல்லோடேப், ரப்பர் சிமெண்ட் என்ற ரப்பர் பசை, சூடாக்கி ஒட்டும் பசைத்துப்பாக்கி மூன்றும் வேண்டாம். லாமினேஷன் கூடவே கூடாது. சூட்டோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை யாராலும் பிரிக்க முடியாது. பெட்டியில் உள்ள படங்களிலிருந்து ரப்பர் பேண்டையும் இரும்புக் கிளிப்பையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளிப் படத்தைக் கெடுக்கும், கிளிப் துருப்பிடிக்கும்.

போலராய்டு போல உடனே வெளிவரும் படங்கள் இருந்தால் அவற்றின் வெள்ளைச் சட்டத்தை வெட்டவே கூடாது. படத்தை உருவாக்கிய ரசாயன அடுக்குகள் உள்ளேயே இருக்கின்றன, வெட்டினால் அடுக்குகள் பிரியும்.

இப்போது பக்கத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இது. 12×12 அங்குலப் பக்கம் எல்லா இடத்திலும் கிடைக்கும் அளவு. ஒரு பக்கத்தில் 7, 8 படங்களைத் திணிக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு பக்கம், ஒரு விஷயம். 300 படங்களையும் பக்கங்களில் ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாமே ஸ்கேனில் இருக்கப்போகின்றன. கதை சொல்லும் 40 படங்களைத் தேர்ந்தெடுத்தால் நல்ல புத்தகம் வரும். காலவரிசைப்படிதான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஆளின் 8 வயது, 30 வயது, 70 வயது முகங்களை வரிசையாக ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அல்லது ஒரே வாசற்படியில் மூன்று தலைமுறை நின்று எடுத்த படங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

நகல் என்பதால் ஒரே படத்தை இரண்டு அளவில் அச்சிடலாம். முழுப் படம் சின்னதாக ஒரு மூலையில், அதிலிருந்து ஒரு பகுதி மட்டும் பெரிதாக நடுவில். குழுப்படத்தில் பின்வரிசையில் முகம் பாதி மறைந்து நிற்கும் பெண், குழந்தையின் தோளைப் பிடித்திருக்கும் கை, இவையெல்லாம் பெரிதாக்கும்போதுதான் கண்ணில் படும். குழுப்படத்துக்கு இன்னொரு யோசனை: மெல்லிய தாளை மேலே வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டு, கீழே எண் வாரியாகப் பெயர் எழுதுங்கள். "இடமிருந்து வலம்" என்பது 5 பேர் வரைதான் தாங்கும்.

படத்தோடு கடித உறை, சான்றிதழ், பாட்டியின் கையெழுத்து உள்ள ஒரு தாள் இவையும் நகலாகச் சேரட்டும். செய்தித்தாள் துணுக்கை அப்படியே வைத்தால் அதன் அமிலம் பக்கத்திலுள்ள தாளுக்கும் பரவும். நல்ல தாளில் நகல் எடுத்து வையுங்கள். அலங்காரம் உங்கள் விருப்பம். என் அனுபவத்தில், 10 வருடம் கழித்துப் புரட்டும்போது நாடாவும் மினுமினுப்பும்தான் முதலில் பழசாகத் தெரியும். ஜிகினாத் துகள் படத்தைக் கீறும், உலோகப் பொத்தான் எதிர்ப்பக்கத்தில் தழும்பு போடும், அடர் சிவப்புத் தாள் ஈரம் பட்டால் சாயம் விடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தையாவது எழுத்துக்கு ஒதுக்குங்கள். நிறமி (பிக்மென்ட்) மையுள்ள பேனாவால், உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். கையெழுத்து நன்றாக இல்லை என்று பலரும் கணினியில் அச்சிடுகிறார்கள். பாட்டியின் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியதோ, அதே உணர்வு உங்கள் பேரப்பிள்ளைக்கும் கிடைக்கட்டும். "1962, வீட்டு வாசல்" என்று மட்டும் எழுதினால் படத்தில் தெரிவதைத்தான் திரும்பச் சொல்கிறோம். "சைக்கிள் பக்கத்து வீட்டுக்காரருடையது, படத்துக்காகக் கேட்டு வாங்கியது. பாட்டியின் தம்பி கடைசிவரை சைக்கிள் ஓட்டக் கற்கவில்லை. இதைச் சொன்னவர் பாட்டியின் மூத்த மகள், அவருடைய 84ஆம் வயதில்" என்று எழுதினால் அந்த ஆள் உயிரோடு எழுந்து வருகிறார். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் குறிப்பது முக்கியம். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

சில படங்களில் ஒரு முகம் கிழிக்கப்பட்டோ கீறப்பட்டோ இருக்கும். குடும்பம் என்றால் அதுவும் இருக்கும். அந்தப் படத்தை ஒதுக்கவோ சரிசெய்யவோ அவசரப்பட வேண்டாம். இருக்கிறபடியே வைத்து, தெரிந்த அளவு மட்டும் எழுதுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் இருக்கும்வரை வெளியே சொல்ல வேண்டாத விவரத்தை ஓர் உறையிலிட்டு மூலப்படங்களோடு வைக்கலாம்.

முடிந்த பக்கங்களைத் தனித்தனி உறையில் போடுங்கள், எதிரெதிர்ப் படங்கள் முகத்தோடு முகம் உரசக் கூடாது. ஈரக்காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆல்பமும் மூலப்படங்களின் பெட்டியும் வெயில் படாத, அதிகம் சூடேறாத அறையில், காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில் இருப்பது நல்லது. மேல்கூரையை ஒட்டிய பரணும் ஈரச் சுவரோரமும் வேண்டாம்.

முதல் பக்கம் தயாரானதும் அதைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சின்னப் படத்தில் அவர் கவனிக்காத முகம், பெரிதாக்கிய படத்தில் சட்டென்று பிடிபடும், இன்னும் இரண்டு பெயர்கள் வரலாம். அவற்றை எழுதுவதற்காக ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் 2 அங்குலம் வெற்றிடம் விட்டு வையுங்கள்.